படித்துப் படித்து எழுத வந்தேன், மேடையில் குரல் வரவில்லை

கேள்வி: எனக்கு 24 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மருந்துக்கடையில் வேலை. தமிழ் எழுத்து எனக்கு ஆயா (பாட்டி) சொல்லித் தந்தது. சமையலறை மேசையில் டபுள் பீன்ஸ் உரித்துக்கொண்டே நடத்துவாங்க. குறில் எழுத்தைச் சரியாகச் சொன்னால் கிண்ணத்தில் ஒரு பீன்ஸ், நெடிலுக்கு இரண்டு. தப்பாகச் சொன்னால் இருந்ததில் ஒன்று குறையும். அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன்: பழைய பஞ்சாங்கம், கோயில் மலர், நூலகத்து ஆங்கிலக் கதைகள். இப்போது போனில் 60 கவிதைக்கு மேல் இருக்கிறது. போன மாதம், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற ஓர் ஓப்பன் மைக்கில் தமிழில் இரண்டு வாசித்தேன். குரல் நடுங்கியது, நடுவில் போன் திரை அணைந்துவிட்டது, யாருக்கும் புரியவில்லை. மரியாதைக்குக் கை தட்டினார்கள். நான் வாசகியாகவே இருந்துவிடுவதுதான் நல்லதா? எழுதுவதென்றால் தமிழிலா, ஆங்கிலத்திலா? ஒரு கவிதை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: குரல் நடுங்கியதை முதலில் ஒதுக்கி வைப்போம். அது மூச்சுக் கணக்கு, பழகினால் அடங்கும். போன் திரை அதைவிடச் சின்ன விஷயம், ஒரு தாளில் தீர்ந்துவிடும். என்னை உறுத்துவது நீங்கள் அனுப்பிய கவிதை. அதன் முதல் நான்கு வரி இவை:

என் மனவானில் நினைவு மேகங்கள்
மௌன மழையாய்ப் பொழிகின்றன
காலச் சிறகுகள் விரிகையிலே
கண்ணீர்க் கவிதை பிறக்கிறது

பிழை எதுவும் இல்லை. மோனைகூட விழுந்திருக்கிறது. ஆனால் மனவானம், நினைவு மேகம், மௌன மழை, காலச் சிறகு, கண்ணீர்க் கவிதை என்று வரிசையாக வருகிற ஐந்தையும் நீங்கள் எங்கோ படித்திருக்கிறீர்கள், எதையும் பார்த்ததில்லை. நிறையப் படித்தவர்களுக்கு மட்டும் வருகிற நோய் இது. படித்த சொற்கள் கைக்கு அருகிலேயே அடுக்கி வைத்திருப்பதால், எழுத உட்கார்ந்ததும் அவை முந்திக்கொள்கின்றன. வீட்டில் புழங்குகிற சொற்கள் பின்னால் நின்று, கூப்பிட்டால்தான் வரும்.

கேட்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். தாளில் படிப்பவருக்குப் புரியாவிட்டால் கண் ஒரு வரி பின்னே போய்வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ‘காலச் சிறகுகள்’ என்பதைப் பிரித்து அவர் பொருள் கொள்வதற்குள் ‘கண்ணீர்க் கவிதை’ வந்து மேலே விழுகிறது. நான்கு வரிக்கு ஐந்து உருவகம் என்றால் நான்கு தரையில் சிந்தும். மேடைக்கு எழுதும்போது ஒரு பத்திக்கு ஓர் உருவகம் போதும், மீதி இடத்தில் பொருள்கள் இருக்கட்டும். கையில் எடுக்கக்கூடிய, சத்தம் போடக்கூடிய பொருள்கள்.

அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைக் கவிதை என்று நினைக்காமல் கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். உங்கள் சொற்களையே எடுத்து வரி பிரித்துப் பார்த்தேன்:

ஆயா மடியில் டபுள் பீன்ஸ்.
‘அ’ என்றால் ஒன்று.
கிண்ணத்தில் டக்.
‘ஆ’ என்றால் ரெண்டு.
டக் டக்.
தப்பாய்ப் போனால்
இருந்த ஒன்றும்
தோலோடு போகும்.

இது முழுக் கவிதை ஆகிவிடவில்லை, தொடக்கம்தான். ஆனாலும் உரக்கப் படித்துப் பாருங்கள். ‘டக்’ வந்ததும் கேட்பவர் கிண்ணத்தைப் பார்ப்பார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று ஆயா போட்ட கணக்கு இலக்கணத்தில் ஒலியின் நீளத்தை அளக்கும் மாத்திரைக் கணக்கேதான்: குறில் 1, நெடில் 2, மெய் அரை. தொல்காப்பியம் மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று அளந்தது. உங்கள் வீட்டில் அதைப் பீன்ஸால் அளந்திருக்கிறார்கள்! இந்தக் கவிதையை முடித்துவிட்டுத்தான் மற்ற 60-ஐத் தொட வேண்டும்.

முடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு தாளில் அந்த மேசையைச் சுற்றி இருந்தவற்றைப் பெயர்ச்சொற்களாக மட்டும் எழுதுங்கள், 30 வரும்வரை. பெயரடை, உவமை எதுவும் வேண்டாம். ஆயா எந்தப் பொருளை எந்தச் சொல்லால் சொன்னார்களோ அதே சொல், அது ஆங்கிலமானாலும் ஜூலுவானாலும் சரி. முதல் பத்து எல்லோர் வீட்டிலும் இருப்பதாகத்தான் வரும். இருபதுக்கு மேல்தான் உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமானவை வரத் தொடங்கும். அவற்றில் ஐந்தை எடுத்துக் கவிதைக்குள் வையுங்கள். மறுநாள் காலை உரக்கப் படித்து, நாக்கு தடுக்குகிற இடங்களை அடிக்கோடிடுங்கள். திருத்தம் அங்கே மட்டும்.

வீட்டுச் சரக்கு தீர்ந்துபோகுமோ என்ற பயம் வரும். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற காந்தி–லுதுலி ஆவண மையத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். அங்குள்ள கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு என்று பதிவு உண்டு. அந்தப் பத்திகளின் வரிசையே கவிதைக்கு ஒரு வடிவம். எழுத்தர் கேட்ட கேள்வி ஒரு வரி, அவர் எழுதிக்கொள்ளாத பதில் அடுத்த வரி. ஒன்றே ஒன்று: பட்டியலில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். சாதியையும் தழும்பையும் பெயரோடு சேர்த்து மேடையில் படிக்கும் முன், அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது படிப்பு. அதை நிறுத்தச் சொல்லவில்லை, வாயைத் திறந்து படிக்கச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 20 நிமிடம், ஒரே ஒரு சிறிய பாட்டு. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுவதால் இதற்கு வசதி. உரையோடு பொருளைத் தெரிந்துகொண்டு உரையை மூடிவிடுங்கள். மூன்று முறை உரக்கப் படியுங்கள். முதல் முறை மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. இரண்டாம் முறை எந்தச் சொல் காதில் தங்குகிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம். மூன்றாம் முறை கை தட்டிக்கொண்டு, சீருக்கு, அதாவது அடி பிரிகிற ஒவ்வொரு துண்டுக்கும், ஒரு தட்டு. நான்கு சீர் அடி ஒன்று ஒரே மூச்சில் வசதியாக அடங்குவதை உங்கள் உடம்பே சொல்லும். இரண்டு அடியை ஒரே மூச்சில் பிடித்தால் கடைசிச் சீர் தேய்ந்துவிடும். உங்கள் போனில் இருக்கிற நீண்ட வாக்கியங்கள் மேடையில் ஏன் கரைந்து போயின என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. பிறகு அந்தப் பாட்டைக் கையால் ஒரு முறை எழுதுங்கள். கை மெதுவாகப் போவதால், எழுதியவர் எந்தச் சொல்லை அடிக்கடைசி வரை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது பிடிபடும்.

யாப்பு முழுவதும் கற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டு விஷயம் மேடைக்குக் கட்டாயம் வேண்டும். மோனை முதலெழுத்துப் பொருத்தம். நாற்சீர் அடியில் முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வந்தால் அதற்குப் பொழிப்பு மோனை என்று பெயர், அடியின் நடுவில் தட்டிக் கொடுத்ததுபோல் காதில் விழும். எதுகை, அடிதோறும் முதல் சீரின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. புது அடி தொடங்கிவிட்டது என்று கேட்பவருக்கு மணி அடித்துச் சொல்கிற வேலை அதனுடையது. புதுக்கவிதையில் அந்த மணியைக் கழற்றிவிட்டோம். தாளில் வெற்றிடம் அதற்குப் பதில் நிற்கிறது. மேடையில் வெற்றிடம் தெரியாது. ஆகவே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மௌனத்தை அளந்து வைக்க வேண்டும். உங்கள் கவிதையில் ‘டக்’ அந்த மணி. எட்டுப் பத்து வரிக்கு ஒரு முறை அது வரட்டும்.

உச்சரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் பேசி வளர்ந்து தமிழில் மேடை ஏறுகிறவர்களுக்குச் சொல்லாமல் விடமுடியாது. ழகரத்துக்கு எல்லோரும் கவலைப்படுவார்கள். அதைவிட அதிகம் காட்டிக்கொடுப்பவை வேறு மூன்று. ஒன்று நெடில்–குறில்: ‘பல்’லும் ‘பால்’லும் நீளத்தில் வேறுபட வேண்டும், ஆங்கிலப் பழக்கத்தில் நாம் நீளத்துக்குப் பதில் அழுத்தத்தைப் போட்டுவிடுகிறோம். ஆயாவின் பீன்ஸை மனதில் எண்ணினாலே சரியாகிவிடும். இரண்டு, சொல் முடிவில் வரும் உகரம். ‘பாட்டு’ என்பதில் கடைசி உ அரை மாத்திரைதான், உதடு குவியாமல் தேய்ந்து போகும். அதை ‘பாட்டூ’ என்று இழுத்தால் அடியின் தாளமே கெடும். மூன்று, சொல் தொடக்கத்தில் ப, த, க. ஆங்கிலத்தில் இவற்றோடு ஒரு காற்று சேர்ந்து வரும், தமிழில் வராது. மெல்லிய டிஷ்யூத் தாள் ஒன்றை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு ‘பட்டு, பானை, பிள்ளை’ என்று சொல்லுங்கள். தாள் படபடத்தால் காற்று அதிகம். இதைத் திருத்தினால் இரட்டை லாபம்: அந்தக் காற்றுதான் மைக்கில் ‘புப்’ என்று வெடிப்பது.

ழகரம் வேண்டுமானால்: நாக்கு நுனியை மேலே மடித்து, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். தொட்டால் ள. ‘பழம்–பள்ளம்–பலம்’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை. வராவிட்டால் அதற்காகக் கவிதையை நிறுத்தாதீர்கள், தமிழ்நாட்டிலேயே நிறையப் பேருக்கு வராது.

தமிழா, ஆங்கிலமா? ஆயாவின் மேசை தமிழில் நடந்தது, மருந்துக்கடை ஆங்கிலத்தில் நடக்கிறது. நடந்த மொழியில் எழுதுங்கள். டர்பனில் பிறந்த கவிஞர் மசிசி குனேனே (1930–2006) ஜூலுவில் எழுதிப் பிறகு தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர், அந்த வரிசை முக்கியம். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழ்ச் சொல்லை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்தால் இரண்டு பக்கத்துக் காதுக்கும் பிடிக்காது.

‘யாருக்கும் புரியவில்லை’ என்பதற்கு நீங்கள் நினைக்கிற தீர்வு வரிக்கு வரி மொழிபெயர்ப்பு என்றால், வேண்டாம். தாளம் வரிக்கு வரி உடையும், நேரம் இரண்டு மடங்காகும். இதற்கு வழி நம்மிடமே பழையதாக இருக்கிறது. டர்பனில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் திரிந்த தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். ராஜா பெரிய தமிழில் பாடுவார், கட்டியக்காரன் நடுவில் புகுந்து, ‘என்ன சொல்றீங்க ராஜாவே?’ என்று கேட்டு, ஊர்ப் பேச்சில் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். புரியாதவரின் இடத்தில் நாடகத்துக்குள்ளேயே ஓர் ஆள். உங்கள் கவிதைக்குள்ளும் அப்படி ஒரு குரலை வையுங்கள். மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கிற சின்னத் தம்பி, ‘வாட் டிட் ஷி சே?’ என்று மூன்றே இடத்தில் கேட்கட்டும். அக்கா ஆங்கிலத்தில் ஒரு வரியில் பதில் சொல்லட்டும், வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாக. தமிழ் தெரிந்தவர்கள் அந்தத் தப்புக்குச் சிரிப்பார்கள், தெரியாதவர்களுக்குக் கதை கிடைக்கும். கூடவே ‘டக்’ சத்தத்தை அவையோர் போடுகிற மாதிரி முதலில் பத்து வினாடியில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அது எந்த மொழியும் கிடையாது.

ஜூலு மக்களின் இசிபொங்கோ புகழ்ப்பாட்டுகளையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஓர் அடியின் கடைசியில் வந்த சொல் அடுத்த அடிக்குத் தொடக்கமாவது அங்கே ஒரு வழக்கமான உத்தி. நாம் அந்தாதி என்போம். மனப்பாடத்துக்கும் அது நல்ல கயிறு.

மேடை விஷயத்துக்கு வருவோம். எந்த மேடை என்பதைப் பொறுத்து அளவு மாறும். பொங்கல் விழாவிலோ கோயில் மண்டபத்துக் கவியரங்கிலோ, ஒரு வரியை இரண்டு முறை சொல்வது மரபு. கேட்பவர் பிடித்துக்கொள்ளவும் கை தட்டவும் அது இடம் தருகிறது. ஸ்லாம் எனப்படும் கவிதைப் போட்டி மேடையில் அதே பழக்கம் நேரத்தைத் தின்றுவிடும். 1980-களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் தொடங்கிவைத்த அந்தப் போட்டி முறையில் வழக்கமான அளவு 3 நிமிடம், மேலே 10 வினாடி சலுகை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு 10 வினாடிக்கும் அரை மதிப்பெண் போகும். அவையிலிருந்தே ஐந்து நடுவர்கள், மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுவார்கள். கையில் பொருள் கூடாது, வேடம் கூடாது, பின்னணி இசை கூடாது. அதாவது நிஜக் கிண்ணத்தைக் கொண்டுபோக முடியாது. ஊருக்கு ஊர் விதி மாறும், பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டர்பனில் க்வாஸுலு–நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் 1997 முதல் நடத்திவரும் ‘போயெட்ரி ஆஃப்ரிக்கா’ பெரும்பாலும் அக்டோபரில் வரும். முதல் வருடம் கேட்க மட்டும் போனாலும் நஷ்டமில்லை.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நிமிட மேடைக்கு 200 முதல் 210 சொல், வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது 2 நிமிடம் 40 வினாடிக்குள் முடிய வேண்டும். மிச்சம் 20 வினாடி சிரிப்புக்கும் கை தட்டலுக்கும் போய்விடும். போன மாதம் நீங்கள் இரண்டு கவிதை வாசித்தது அதிகம். முதல் கவிதையை மனதில் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு நீங்கள் நேரம் தரவே இல்லை.

போனைப் பையில் போட்டுவிடுங்கள். 30 வினாடியில் திரை அணைவது ஒருபக்கம், அதன் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிப்பது இன்னொரு பக்கம், கை நடுங்குவதையும் அது பெரிதாக்கிக் காட்டும். ஏ5 அளவுத் தடித்த அட்டையில், 16 புள்ளி எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று அச்செடுங்கள். மௌனத்துக்கு இரண்டு சாய்கோடு. மனப்பாடமாக இருந்தாலும் அட்டை கையில் இருக்கட்டும், பாராமல் பிடித்திருந்தாலே தைரியம்.

மனப்பாடத்தைக் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தொடக்கம் நூறு தடவை பழகியிருக்கும், முடிவு பத்துத் தடவைதான். அதனால்தான் நிறையப் பேர் முடிவுக்கு நெருங்கும்போது தடுமாறுகிறார்கள். கடைசிப் பத்தி, பிறகு அதற்கு முந்தியது சேர்த்து, இப்படிப் பின்னாலிருந்து வந்தால், போகப்போக நன்றாகத் தெரிந்த இடத்துக்குள் போவீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் தேறிவிட்டது என்று அர்த்தம். மேடையில் மறந்துபோனால் ‘டக்’குக்குத் திரும்புங்கள். இரண்டு வினாடி மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும், அவையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். முன்னாலும் வேண்டாம், நடுவிலும் வேண்டாம்.

குரல் நடுக்கத்துக்கு வருகிறேன். பயத்தில் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு நிறையச் சொல்லப் பார்க்கும்போது வேகம் கூடும், குரல் ஒல்லியாகும், ஆடும். பெயர் கூப்பிடும் முன் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து முறை. மேடையில் நின்றதும் முழங்காலை விறைக்காமல் லேசாகத் தளர்த்தி, முதல் வரிக்கு முன் ஒரு முழு மூச்சு. முதல் வரியை நீங்கள் பழகியதைவிட மெதுவாகத் தொடங்குங்கள், பயம் எப்படியும் அதை வேகப்படுத்திவிடும்.

மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் அகலத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே ஓரமாகப் பிடியுங்கள். நெஞ்சுக்குக் கீழே இறக்கினால் பின்வரிசைக்குக் கேட்காது, உதட்டோடு ஒட்டினால் அடிக்குரல் மட்டும் திணிந்து சொற்கள் குழம்பும். வலையுள்ள தலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். சினிமாவில் பாடகர்கள் பிடிப்பது அழகாக இருக்கும், இங்கே கீச்சென்று கத்தும். ‘டக்’ என்று சொல்லும்போது மட்டும் இரண்டு விரல் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

வாசகியாகவே இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்ற 60-ஐ அப்படியே வைத்துவிட்டு, பீன்ஸ் கவிதையை முடியுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், ஒலிப்பதிவாக அனுப்புங்கள். 2 நிமிடம் 40 வினாடிக்குள். ஆயா இருக்கிறார்கள் என்றால் அவர்கள் முன்னால் பதிவு செய்து, எந்த இடத்தில் பீன்ஸ் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.